செடி ஒதுங்க ஓர் இடம்: தோட்டத்துக்குள் நுண்காலநிலை அமைக்க முழுமையான வழிகாட்டி

ஒரே நாளில் முளைத்த இரண்டு பப்பாளிக் கன்றுகளை நட்டிருந்தேன். ஒன்று சுவரோரம், மற்றொன்று அங்கிருந்து பத்தடி தள்ளித் திறந்த வெளியில். குளிர்காலத்தில் மேகமே இல்லாத ஓர் இரவு கழிந்து காலையில் போய்ப் பார்த்தால், திறந்த வெளியில் நின்ற கன்றின் இலைகள் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துத் தொங்கின. சுவரோரக் கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே மண், அதே எரு, அதே தண்ணீர். இடம் மட்டும்தான் வேறு.

அந்தப் பத்தடிக்குள் மாறியிருந்ததைத்தான் நுண்காலநிலை என்கிறோம். வானிலை நிலையங்கள் வெப்பநிலையைத் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், நிழலும் காற்றோட்டமும் உள்ள பெட்டிக்குள் வைத்து அளக்கின்றன. நம் நாற்று இருப்பதோ தரையை ஒட்டி. தெளிந்த, காற்றில்லாத இரவில் தரையோரக் காற்று அந்தப் பெட்டி காட்டுவதைவிடப் பல டிகிரி குளிர்ந்துவிடும். அதனால்தான் வானிலை அறிக்கை 3 டிகிரி என்று சொன்ன காலையிலும் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கிறது. உச்சிவெயிலில் இது தலைகீழாகும், தரை கொதிக்கும்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் நன்றாக இருந்த செடி, மோசமான ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடுகிறது. விடியலுக்குச் சற்று முந்தைய குளிர், பிற்பகல் மூன்று மணி வெயில், பருவம் மாறும்போது அடிக்கும் இரண்டு நாள் காற்று என்று அந்த நேரம் செடிக்குச் செடி மாறும். அந்த நேரம் எது என்று தெரியாமல் அமைக்கும் பாதுகாப்பு பயன்படாது. சில சமயம் கெடுதலும் செய்யும்.

முதலில் தோட்டத்தைப் படியுங்கள்

எதையும் கட்டுவதற்கு முன் ஒரு பருவமாவது தோட்டத்தைக் கவனியுங்கள். அவ்வளவு நாள் முடியாதென்றால் இரண்டு வாரமாவது. மற்ற எல்லா வேலைகளும் இதை நம்பித்தான் இருக்கின்றன.

குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பதிந்து வைக்கும் வெப்பமானிகள் மூன்று போதும். ஒன்று செடி வைக்க நினைக்கும் இடத்தில், ஒன்று தோட்டத்தின் தாழ்வான மூலையில், ஒன்று திறந்த நடுப்பகுதியில். மூன்றும் ஒரே உயரத்தில், செடியின் இலைகள் வரப்போகும் உயரத்தில் இருக்கட்டும். நேர்வெயில் பட்டால் வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டாது, தன் சூட்டைத்தான் காட்டும். பகல் அளவு சரியாக வேண்டுமானால் வெயில் படாதபடி ஒரு வெள்ளைத் தகட்டை மறைப்பாக வையுங்கள். வாங்கியதும் மூன்றையும் ஓர் இரவு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே அளவைக் காட்டாமல் போகலாம். வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு பின்னால் கழித்துக்கொள்ளலாம்.

கருவியே இல்லாவிட்டாலும் தோட்டம் நிறையச் சொல்லும். பனி பெய்த காலையில், வெயில் ஏறுவதற்குள் வெறுங்காலோடு புல்லில் நடந்து பாருங்கள். கால் நனைகிற இடமெல்லாம் இரவு முழுவதும் வானத்தைப் பார்த்துக் கிடந்த இடம். சட்டென்று ஓர் இடத்தில் புல் உலர்ந்திருக்கும். அங்கே நின்று நிமிர்ந்தால் தலைக்கு மேல் ஒரு கிளையோ தாழ்வாரமோ இருக்கும். கிளை முடியும் இடத்துக்கு நேர் கீழே பனி தொடங்குவதைப் பல நாள் பார்த்திருக்கிறேன், கோடு போட்டது போல. அந்தக் கோட்டில் குச்சிகளை நட்டு வையுங்கள். குளிர் தாங்காத செடிக்கு நீங்கள் தேடும் இடம் கோட்டுக்கு உட்புறம்தான். உறைபனி விழும் ஊரானால், வெண்மை கடைசியாகக் கரையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே மென்மையான எதையும் நட வேண்டாம்.

காற்றுக்கு ஒரு எளிய வழி: இடுப்புயரக் குச்சிகள் பத்துப் பன்னிரண்டை ஆங்காங்கே ஊன்றி, நுனியில் ஒரு முழம் ரிப்பன் கட்டுங்கள். பலத்த காற்று அடிக்கும் நாளில் எந்த ரிப்பன் படபடக்கிறது, எது அசையாமல் தொங்குகிறது, எது சுழல்கிறது என்று பாருங்கள். சுழலும் இடம்தான் ஆபத்தானது. வெயிலுக்கு, காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று ஆகிய நேரங்களில் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் வரைந்து வைத்தால் போதும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி வரையுங்கள், ஏனென்றால் சூரியன் நகர்ந்திருக்கும்.

எந்தக் குளிர் என்று பிரித்துப் பாருங்கள்

வெளியில் குளிர் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அது இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, காற்று சுமந்து வரும் குளிர். வேறெங்கோ குளிர்ந்த காற்று வீசி வந்து தாக்குகிறது. இதற்குக் காற்றுத்தடுப்பு உதவும். மற்றொன்று, நம் தோட்டத்திலேயே உருவாகும் குளிர். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையும் இலைகளும் தங்கள் வெப்பத்தைக் கதிர்களாக வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகின்றன. மேகம் இருந்தால் அது அந்த வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். அதனால்தான் மூட்டமான இரவுகள் இதமாக இருக்கின்றன.

இந்த இரண்டாம் வகைக் குளிருக்குக் காற்றுத்தடுப்பு உதவாது. மாறாக, இலேசான காற்று மேலே உள்ள வெதுவெதுப்பைக் கீழே கலந்துவிட்டுச் செடியைக் காப்பாற்றும். நாலாபுறமும் நெருக்கி அடைத்த தோட்டத்தில் அந்தக் கலப்பு நடப்பதில்லை. பகலில் கதகதப்பாக இருக்கும் மூலை இரவில் தோட்டத்திலேயே குளிர்ந்த இடமாகிவிடுவது இப்படித்தான். உங்கள் செடி காற்றடித்த இரவில் கருகியதா, அசைவற்ற இரவில் கருகியதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

காற்றை வடிகட்டுங்கள்

காற்று இலையைச் சுற்றியிருக்கும் ஈரமான காற்றுப் படலத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடும். செடி நீரை இழக்கும். இழப்பைக் குறைக்க இலைத்துளைகளை மூடும். மூடினால் வளர்ச்சி நிற்கும். கிளை முறிவதும் சாய்வதும் நம் கண்ணில் படுகின்றன. மௌனமாக நிகழும் இந்த நிறுத்தம் கண்ணில் படுவதில்லை, ஆனால் மென்மையான செடிகள் தேறாமல் போவதற்கு அதுவே பெரிய காரணம்.

காற்று என்றதும் சுவர் எழுப்பத் தோன்றும். நானும் ஒருமுறை தகடு வைத்து அடைத்தேன். தகட்டை ஒட்டி இருந்தவை பிழைத்தன. ஓரிரு மீட்டர் தள்ளி இருந்த தக்காளிச் செடிகள் முன்னைவிட மோசமாக, திசைக்கு ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. திடமான தடுப்பில் மோதும் காற்று மேலேறிக் குதித்து, மறுபக்கம் சுழலாக இறங்குகிறது. பாதி திறந்தும் பாதி மூடியும் உள்ள தடுப்பு அப்படிச் செய்யாது. காற்று அதன் வழியே புகுந்து வேகம் குறைந்து வெளியே வரும்.

ஆகவே தட்டி, மூங்கில் அல்லது மரச் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த வேலி, பாதியளவு காற்றை விடும் வலை, உயிர்வேலி ஆகியவை நல்லவை. சட்ட வேலியில் சட்டத்தின் அகலமும் இடைவெளியும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். தடுப்பின் உயரத்தைப் போல் 10 மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் கணிசமாகக் குறையும். ஒன்றரை மீட்டர் தட்டியானால் 15 மீட்டர். உயரத்தைப் போல் 3 முதல் 6 மடங்கு தூரத்துக்குள் ஒதுக்கு மிக நன்றாக இருக்கும். நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். குட்டையான தடுப்பின் இரு முனைகளையும் சுற்றிக் காற்று வளைந்து வரும், அதுவும் வேகமாக. அடிப்பகுதியில் மட்டும் ஒரு முழ உயரத்துக்குச் சந்து விட்டாலும் இதே கதைதான். அந்தச் சந்து காற்றைக் குழாய்போல் குவித்து நாற்றின் மேல் பாய்ச்சும்.

உயிர்வேலிதான் அழகு, நிலைத்தும் நிற்கும். ஆனால் அதன் வேர்கள் நீரையும் சத்தையும் பங்கு கேட்கும். வேலியிலிருந்து குறைந்தது ஒரு மீட்டராவது விட்டு நடுங்கள். வேலி வளரும் வரை முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அதன் முன்னால் வலை கட்ட வேண்டியிருக்கும், ஏனென்றால் வேலிக்கன்றுக்கும் காற்று ஆகாது.

பெரிய தடுப்புக்கு வழியில்லையா? ஒரே ஒரு செடிக்கு மட்டும் பிறைவடிவில் முழங்கால் உயரக் கல்வரிசை அடுக்கலாம். கேனரி தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேயில், 1730 முதல் 1736 வரை நீடித்த எரிமலை வெடிப்பு நிலத்தைச் சாம்பல் குறுணையால் மூடிவிட்டது. லா ஹேரியா என்ற பகுதியில் அந்தக் குறுணையைத் தோண்டி, கீழே உள்ள மண் எட்டும் அளவுக்குக் குழி செய்து, குழிக்கு ஒரு திராட்சைக் கொடி வைத்து, காற்று வரும் திசையில் அரைவட்டக் கல்சுவர் அடுக்கினார்கள். குறுணை மண்ணின் ஈரம் ஆவியாகாமல் காக்கிறது, குழியும் கல்லும் காற்றைத் தடுக்கின்றன. மழை மிகக் குறைந்த அந்தத் தீவில் இன்றும் அப்படித்தான் திராட்சை விளைகிறது.

குளிர்காற்று வடிய வழி விடுங்கள்

குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவில் தண்ணீரைப் போல மெல்ல இறங்கி, தாழ்வான இடத்தில் தேங்கும். குறுக்கே வேலியோ சுவரோ இருந்தால் அதன் மேற்புறத்தில் குளம்போல் நிற்கும்.

உங்கள் நிலம் சரிவாக இருந்தால், அடிவாரத்து வேலியில் ஓர் அடி அகலத்துக்கோ இரண்டடி அகலத்துக்கோ திறப்பு விடுங்கள். கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டாலும் சரி. மேற்பகுதியில் இதற்கு நேர்மாறாகச் செய்யலாம்: செடிகளுக்கு மேலே, சரிவுக்குக் குறுக்காகச் சற்றுச் சாய்வாக அடர்ந்த வேலி வைத்தால் இறங்கி வரும் குளிர் பக்கவாட்டில் திரும்பிப் போகும். நீரைத் திருப்ப வரப்புப் போடுகிறோமே, அதே யோசனைதான். மென்மையான செடிக்குச் சரிவின் நடுப்பகுதிதான் நல்ல இடம். உச்சியில் காற்று, அடியில் குளிர்.

சுவரும் தண்ணீரும் சேமிக்கும் வெப்பம்

என் பப்பாளியைக் காப்பாற்றியது சுவர். அது பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவில் மெதுவாக விட்டது. போதாக்குறைக்கு வானத்தின் பாதியையும் மறைத்தது.

எந்தத் திசைச் சுவர் என்பது நீங்கள் பூமியில் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வட அரைக்கோளத்தில், நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் பகுதிகளில் தெற்கு பார்த்த சுவர் அதிகம் சூடாகும். தென் அரைக்கோளத்தில் வடக்கு பார்த்த சுவர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் நண்பகல் சூரியன் தலைக்கு மேலே இருப்பதால், கிழக்கும் மேற்கும் பார்த்த சுவர்கள்தான் வெயிலை நேராக வாங்கும். மேற்குச் சுவர் பிற்பகலில் மிகவும் சுடும். கோடையில் அதன் அருகே மென்மையான எதுவும் தங்காது. உறைபனி விழும் இடங்களில் கிழக்குச் சுவருக்கு ஒரு குறை உண்டு. உறைந்த மொட்டின் மேல் காலை வெயில் நேராக அடித்து வேகமாக உருக்கினால் சேதம் கூடும்.

சுவரின் நிறமும் முக்கியம். கருமையான சுவர் வெப்பத்தை உள்வாங்கி இரவுக்கு வைத்திருக்கும். வெள்ளைச் சுவர் பகலிலேயே ஒளியைத் திருப்பி இலைமேல் வீசும். வெளிச்சம் குறைந்த இடத்தில் அது வரம், வெயில் ஊரில் சுமை.

சுவரடியில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே மழை சரியாக விழாது. மழை பெய்து முடிந்ததும் விரலை விட்டுப் பாருங்கள், மண் உலர்ந்திருக்கும். அரை மீட்டர் தள்ளி நட்டு, தண்டைச் சுவர் பக்கம் சாய்த்துப் படரவிடுங்கள். நீர் பாய்ச்சுவதை மழைக்காலத்திலும் மறக்க வேண்டாம்.

சுவர் இல்லாதவர்களுக்குத் தண்ணீர் இருக்கிறது. அதே பருமனுள்ள கல்லைவிடத் தண்ணீர் சுமார் இரு மடங்கு வெப்பத்தைச் சேமிக்கும். 200 லிட்டர் நீர் 10 டிகிரி குளிர்ந்தால் வெளிவரும் வெப்பம், 1000 வாட் ஹீட்டர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரிந்தால் கிடைக்கும் அளவு. கறுப்பு வண்ணம் பூசிய ட்ரம்மில் நீர் நிரப்பி, மூடி போட்டு, செடிக்குப் பின்னால் வெயில் படும்படி வையுங்கள். திறந்த வெளியில் இந்த வெப்பத்தின் பெரும்பகுதி கலைந்து போய்விடும். ட்ரம்மும் செடியும் ஒரே போர்வைக்குள், அல்லது ஒரே சிறு கூடாரத்துக்குள் இருந்தால்தான் பலன் தெரியும்.

தலைக்கு மேல் ஒரு மறைப்பு

அசைவற்ற இரவுக் குளிருக்கு இதுதான் மருந்து. செடிக்கும் வானத்துக்கும் நடுவே எதையாவது வைக்க வேண்டும். பெரிய மரத்தின் விரிந்த கிளை, பந்தல், தாழ்வாரம் எல்லாமே உதவும். இலையுதிர்க்கும் மரத்தைவிடப் பசுமை மாறாத மரம் இதற்கு நல்லது. குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும் கிளை பாதி வேலைதான் செய்யும்.

இயற்கையிலேயே இது நடக்கிறது. சொனோரன் பாலைவனத்தின் சகுவாரோ கள்ளி வளர்ந்தபின் 10 மீட்டரைத் தாண்டும். ஆனால் அதன் சின்னஞ்சிறு கன்று பெரும்பாலும் பாலோ வெர்டே போன்ற மரங்களின் அடியில்தான் பிழைக்கிறது. பகலில் மரம் வெயிலைத் தடுக்கிறது, இரவில் குளிரைத் தணிக்கிறது. நாமும் வேகமாக வளரும் ஒரு செடியை முதலில் வளர்த்துவிட்டு, அதன் மடியில் மென்மையான கன்றை நட்டு, கன்று தேறியபின் தாய்ச்செடியைக் கழித்துவிடலாம். கோகோ கன்றுகளுக்கு வாழையை இப்படி நிழலாக வைப்பது பழைய வழக்கம்.

தற்காலிகமாக மூடுவதானால் சில விஷயங்களில் கவனமாக இருங்கள். நான்-ஓவன் என்று கடைகளில் சொல்லப்படும் வெள்ளைத் துணியோ, பழைய போர்வையோ, சாக்கோ பயன்படுத்தலாம். நாலு குச்சி ஊன்றி அதன்மேல் போடுங்கள். இலையைத் தொடக் கூடாது. பிளாஸ்டிக் தாள் தொட்ட இடத்தில் இலை கருகும். துணி தரை வரை இறங்கி, ஓரங்களில் கல் வைத்து அழுத்தியிருக்க வேண்டும். பலர் செடியின் தலையை மட்டும் மூட்டையாக மூடித் தண்டில் கட்டிவிடுகிறார்கள். மண்ணிலிருந்து எழும் வெப்பத்தைப் பிடிப்பதற்குத்தானே மூடுகிறோம்? கழுத்தில் கட்டினால் அந்த வெப்பம் வெளியேதான் போகும். சூரியன் மறைவதற்குச் சற்று முன் மூடி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக்கை எடுக்க மறந்த ஒரு முற்பகலில் என் மிளகாய் நாற்றுகள் மொத்தமும் அவிந்துபோயின. குளிரில் பிழைத்தவை வெயிலில் போன வருத்தம் இன்னும் இருக்கிறது.

மண்ணைத் தயார் செய்யுங்கள்

காய்ந்த மண்ணில் காற்று நிறைந்திருக்கும். அது வெப்பத்தை உள்ளே கடத்தாது. ஈர மண் பகல் வெப்பத்தை ஆழம் வரை வாங்கி இரவில் திருப்பித் தரும். கடுங்குளிர் இரவு வரப்போகிறதென்று தெரிந்தால், முதல் நாள் காலையிலேயே மண்ணுக்கு நீர் விடுங்கள். இலைமேல் வேண்டாம்.

மூடாக்கு விஷயத்தில் ஒரு முரண் உண்டு. வைக்கோல், சருகு போன்ற மூடாக்கு வேரைக் காக்கும், ஆனால் மண்ணின் வெப்பம் மேலே வராமலும் தடுக்கும். அதனால் மூடாக்குப் போட்ட பாத்தியின் மேல் உள்ள இலைகள், வெறும் ஈர மண்ணின் மேல் உள்ளவற்றைவிட அதிகம் குளிரும். தண்டு போனாலும் கிழங்கிலிருந்தோ வேரிலிருந்தோ மறுபடி துளிர்க்கும் செடிக்குத் தடிமனான மூடாக்குப் போடுங்கள். இலையையும் மொட்டையும் காப்பாற்ற வேண்டிய செடிக்கு, குளிர் இரவுகளில் மூடாக்கை ஓரமாக விலக்கி வையுங்கள்.

நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளி இருப்பவர்கள் பாத்தியைச் சூரியன் பக்கம் சற்றுச் சாய்த்து அமைக்கலாம். 5 டிகிரி சாய்வு என்றால், நண்பகல் வெயில் படும் கோணத்தில் அந்தப் பாத்தி சுமார் 550 கிலோமீட்டர் நிலநடுக்கோட்டை நோக்கி நகர்ந்தது போலாகும். மண்வெட்டியால் ஒரு நாளில் முடியும் வேலை.

வெயில் தாங்காத செடிகளுக்கு

இங்கே எல்லாம் தலைகீழ். காலை வெயில் வேண்டும், பிற்பகல் வெயில் கூடாது. பெரிய செடி, பந்தல், தட்டி எதுவானாலும் மேற்குப் பக்கம் வையுங்கள். நிழல்வலை போடுவதானால், காய்கறிகளுக்கு 30 முதல் 50 சதவீத நிழல் போதும். அதற்கு மேல் போனால் செடி வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து பூக்காமல் நிற்கும். வலை செடியிலிருந்து உயரமாக இருக்கட்டும். தாழக் கட்டிய வலையின் கீழ் சூடு தேங்கும்.

ஒரு லிட்டர் நீர் ஆவியாக, சுற்றுப்புறத்திலிருந்து ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். செடிகளைக் கூட்டமாக வைத்தால் ஒன்றின் இலைகளிலிருந்து ஆவியாகும் நீர் மற்றொன்றையும் குளிர்விக்கும். கல் தளத்துக்குப் பதில் தரைமூடும் செடிகள் இருந்தாலே அந்த மூலை மாறிவிடும். ஈரம் ஏற்கெனவே நிறைந்த காற்றில் இது அதிகம் வேலை செய்யாது. அங்கே நிழலும் காற்றோட்டமும்தான் கைகொடுக்கும்.

தொட்டிகள்

நிலத்தில் உள்ள வேரை மண் காக்கிறது. தொட்டியில் உள்ள வேருக்கு ஒரு விரல் தடிமன் சுவர்தான். கறுப்புத் தொட்டியின் வெயில் படும் பக்கம் வேர் வெந்துபோகலாம். ஒரு தொட்டியைச் சற்றுப் பெரிய தொட்டிக்குள் வைத்து நடுவே சருகையோ நார்க்கழிவையோ அடைத்தால் வெயில், குளிர் இரண்டுக்கும் ஆகும். மென்மையானதை நடுவிலும் தாங்கும் செடிகளைச் சுற்றிலும் வைத்துக் கூட்டமாக்குங்கள்.

ஒதுக்கிடம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

காற்று குறைந்த இடத்தில் இலை சீக்கிரம் உலராது. சாம்பல் நோயும் மாவுப்பூச்சியும் முதலில் வருவது இத்தகைய மூலைகளுக்குத்தான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டு நடுங்கள், உள்கிளைகளைக் கழித்துவிடுங்கள், மாலையில் இலை நனைய நீர் விடாதீர்கள். குளிர்காலம் நெருங்கும்போது தழைச்சத்து உரத்தை நிறுத்திவிடுங்கள்; அப்போது வரும் கொழுந்து எந்த மறைப்பிலும் தாங்காது.

எல்லாம் அமைத்தபின் வெப்பமானிகளை எடுத்துவிட வேண்டாம். ஒதுக்கிடத்தில் ஒன்று, வெளியில் ஒன்று என்று வைத்து, குறைந்தபட்ச அளவை மட்டும் தினமும் காலையில் எழுதுங்கள். குளிர் இரவுகளில் இரண்டுக்கும் 2 டிகிரி வித்தியாசம் கிடைத்தாலே பல செடிகள் பிழைத்துவிடும். வித்தியாசமே இல்லையென்றால் மறைப்பு போதவில்லை. உள்ளேதான் அதிகக் குளிர் என்றால் எங்கோ காற்று தேங்குகிறது, திறப்பு விடுங்கள்.

அப்புறம், அரிய செடியை நேரே நிலத்தில் நட்டுவிடாதீர்கள். தொட்டியோடு அந்த மூலையில் வைத்து ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் பாருங்கள். இலை நுனி கருகினால் இரண்டடி நகர்த்தி மறுபடி பாருங்கள். இரண்டு பருவமும் தாண்டிப் புதுத் துளிர் விட்ட இடத்தில், தொட்டியைக் கவிழ்த்து வேர்க்கட்டி உடையாமல் எடுத்து நட்டுவிடலாம்.